ஓதம்: முருங்கன் களியும் நம் வீட்டு அத்திவாரமும்

(முருங்கனில், ஆவணி மாதக் கடைசி வாரத்தில், ஊர்ப் பொது மண்டபத்தில் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் இரண்டு போத்தல்கள் இருக்கின்றன. நேற்றுப் பின்னேரம் இவற்றுக்குள் மண் போட்டேன். பள்ளமடுப் பக்கத்து வளவு ஒன்றில் தோண்டிய களி. வெயிலில் காயவைத்து, இடித்து, அரித்து, இரண்டு போத்தலுக்கும் ஒரே அளவாகப் பிரித்தேன். ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றினேன், மற்றதில் கிணற்றுத் தண்ணீர். முன்வரிசைப் பிள்ளைகள் எழும்பி வந்து பாருங்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலில் மண் போட்ட மட்டத்திலேயே கிடக்கிறது. தண்ணீர்ப் போத்தலில்? நான் பென்சிலால் கீறிய கோட்டைத் தாண்டி ஏறிவிட்டது. ஒரே மண், ஒரே அளவு, ஓர் இரவு.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுவதும் இந்தப் போத்தலுக்குள் இருக்கிறது. ஆனாலும் ஒரு மணித்தியாலம் பேச அழைத்திருக்கிறீர்கள், பேசத்தான் வேண்டும்.

தலைப்பாக ‘ஓதம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். சுவர் நனைந்து நிறம் மாறினால் ‘ஓதம் காத்துப் போச்சு’ என்கிறோம். பழைய தமிழில் இதே சொல்லுக்குக் கடல் என்றும் அலை என்றும் பொருள் உண்டு. சுவருக்குள் ஏறுகிற ஈரத்துக்கும் கரையில் ஏறுகிற கடலுக்கும் தமிழன் ஒரே பெயர் வைத்திருக்கிறான். மன்னார்க் கரையில் வாழ்கிற நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. இரண்டும் ஏறும், இரண்டும் இறங்கும், இறங்கும்போது உப்பை விட்டுவிட்டுப் போகும்.

போன கிழமை ஒருவர் கேட்டார்: “ஐயா, வெளிநாட்டிலதானே வீட்டுக்குக் கீழ அறை இருக்கு, தண்ணி வருது எண்டு அங்கத்தைய ஆக்கள் கவலைப்படுவினம். எங்களுக்கு இதில என்ன கதை?” நல்ல கேள்விதான். முருங்கனில் நிலவறை உள்ள வீட்டை நான் கண்டதில்லை. ஆனால் நம்முடைய ஆட்கள் எத்தனை பேர் ரொறன்ரோவில் நிலவறைக்குள் குடியிருந்து வாழ்க்கையைத் தொடங்கினார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூலை 16ஆம் திகதி அந்த நகரத்தில் சில மணித்தியாலத்துக்குள் 98 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டியது. அன்றிரவு என் அக்காவின் மகன் அழைத்தான்: “மாமா, பேஸ்மென்ற்றுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி.” நான் கேட்ட முதல் கேள்வி, “கூரைத் தண்ணி எங்க போய் விழுது?” என்பதுதான். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான்: “பீலிக் குழாய் சுவர் ஓரத்திலதான் முடியுது மாமா.”

தமிழ்நாட்டு மேசன்மாரைக் கேட்டால் பேஸ்மெண்ட் என்பது வேறு. நிலமட்டத்துக்கு மேலே தரைமட்டம் வரைக்கும் எழுப்புகிற கட்டுமானத்தைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். நாம் அதையும் மண்ணுக்குள் இருப்பதையும் சேர்த்து அத்திவாரம் என்கிறோம். கனடாவில் பேஸ்மெண்ட் மண்ணுக்குள் இறங்கிய அறை, இங்கே அத்திவாரம் மண்ணுக்குள் இறங்கிய கல். இரண்டையும் கெடுப்பது ஒன்றேதான். கூரையிலிருந்து இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் சுவரின் காலடியில் நிற்பது.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். இலங்கையின் மண் வரைபடத்தில் இந்தக் கறுப்புக் களிக்குக் கிறுமுசோல் என்று பெயர். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் முருங்கனையும் துணுக்காயையும்தான் இடமாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் கரிசல் என்கிறார்களே, அதற்கு இது நெருங்கிய சொந்தம். இந்தக் களியில் மொண்ட்மொரில்லோனைற் என்ற கனிமம் இருக்கிறது. பிரான்ஸில் மொண்ட்மொரில்லோன் என்ற ஊரில் கிடைத்ததால் 1847இல் அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள், அடுக்கி வைத்த கொப்பித் தாள்கள் போல. தண்ணீர் அந்தத் தாள்களுக்கு இடையில் புகுந்து ஒவ்வொன்றையும் தள்ளி வைக்கும். காய்ந்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்கு அந்த இடைவெளிக்குள் புகத் தெரியாது. போத்தலில் நீங்கள் பார்த்தது இதுதான்.

வயல் செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. வைகாசி தொடங்கி ஆவணி வரை காய்கிற வயலில் வெடிப்புக்குள் கை போகும். ஐப்பசியில் முதல் இரண்டு மழை விழுந்தால் அந்த வெடிப்பு இருந்த இடமே தெரியாது. நம் பகுதிக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர். அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழுந்து முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயிலும் சோளகக் காற்றும். ஆகவே இந்த மண் ஆண்டுக்கு ஒருமுறை மூச்சை இழுத்து ஒருமுறை விடுகிறது. அதன் நெஞ்சின் மேல்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம்.

இந்த மண்ணைக் குறைசொல்ல நான் வரவில்லை. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை வயலில் நிறுத்தி வைத்து நமக்குச் சோறு போடுகிறது இது. சோறு மட்டுமல்ல, சுவருக்கும் இது உதவியது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே சுண்ணக்கல் அந்த இடத்திலேயே இருந்தது. அதோடு சேர்த்துச் சுடுவதற்குக் களி வேண்டும். அந்தக் களி முருங்கனிலிருந்து ரயிலில் போனது. வடக்கில் அந்தக் காலத்தில் சீமெந்து வைத்துக் கட்டிய எத்தனையோ வீடுகளுக்குள் நம் ஊர் மண் சூளையில் வெந்து கிடக்கிறது. சுவரை உண்டாக்கிய மண்ணே சுவரைப் பிளக்கவும் செய்கிறது என்றால், குற்றம் மண்ணில் இல்லை, நாம் அதைக் கையாளுகிற விதத்தில் இருக்கிறது.

பழைய ஆட்கள் எப்படிக் கையாண்டார்கள்? மண் சுவர், பனையோலைக் கூரை, உயர்ந்த திண்ணை. மாரியில் நிலம் அசைந்தால் சுவரும் கூடவே அசைந்தது. தை பிறக்குமுன் வெடிப்புக்குக் களி அப்பி, சாணி மெழுகிப் பொங்கலுக்குப் புதிதாக்கினார்கள். ஆண்டுதோறும் திருத்துகிற வீடு அது. கூரையின் இறக்கம் சுவரை விட்டு நன்றாக வெளியே நீண்டிருக்கும், தண்ணீர் திண்ணைக்கு அப்பால் விழும். நாம் சீமெந்துக் கல்லுக்கும் கொங்கிறீற்றுக்கும் மாறினோம். அது வளையாது, அசையாது, திருத்தவும் வேண்டாம் என்று நினைத்தோம். வளையாத பொருள் ஒன்றுதான் செய்யும், உடையும்.

போருக்குப் பிறகு இங்கே வீடுகள் ஒரேயடியாக எழும்பின. 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய், 550 சதுர அடி வீடு, உரிமையாளரே நின்று கட்ட வேண்டியிருந்தது. அந்த 550 சதுர அடியை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். அது 51 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் அந்தச் சின்ன வீட்டின் கூரையிலிருந்து 5,100 லீற்றர். கோடையில் நாம் வாளியோடு காத்து நிற்கிறோமே, அந்தத் தண்ணீர்ப் பவுசரில் பெரும்பாலும் கொள்ளுகிற அளவு. ஒரே நாளில் ஒரு பவுசர் தண்ணீரை நம் வீட்டு அத்திவாரத்தில் திறந்து விடுகிறோம். பிறகு சுவர் ஏன் வெடித்தது என்று மேசனோடு சண்டை.

வெடிப்பு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். வீட்டின் நடுவில், தரைக்குக் கீழே இருக்கிற மண்ணுக்கு மழையும் படாது வெயிலும் படாது. அதன் ஈரம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். வெளிச்சுவரின் கீழே இருக்கிற மண் அப்படியல்ல, மாரியில் ஊறும், கோடையில் காயும். ஓரம் ஏறும்போது நடு அப்படியே நிற்கும். ஓரம் இறங்கும்போதும் நடு அப்படியே நிற்கும். வீடு முழுவதும் ஒன்றாக ஓர் அங்குலம் ஏறி இறங்கினால் ஒன்றும் ஆகாது, தோணி மாதிரி மிதந்துவிட்டுப் போகும். ஒரு மூலை மட்டும் ஏறினால்தான் யன்னல் மூலையிலிருந்து சரிவாகக் கோடு விழும். ஆக, ஈரம் சுவரைப் பிளப்பதில்லை. ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைகிற ஈரம், ஒரு காலத்தில் ஏறி ஒரு காலத்தில் இறங்குகிற ஈரம், அதுதான் பிளக்கிறது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் எனக்குப் போதும்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சொந்த வீட்டில்தான் படித்தேன். கட்டி மூன்றாம் ஆண்டு, குசினி யன்னலின் கீழ் மூலையிலிருந்து தரையை நோக்கி ஒரு வெடிப்பு. கோடையில் சீமெந்து வைத்து அடைத்தேன். மாரியில் அது பக்கத்தில் இன்னொரு கோடு போட்டது. திரும்ப அடைத்தேன். மூன்று முறை. ஊருக்கெல்லாம் மதிப்பீடு எழுதிக் கொடுக்கிறவன் வீட்டுச் சுவர் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் வயதான மேசன் ஒருவர் தேத்தண்ணிக்கு வந்தார். சுவரை அவர் பார்க்கவே இல்லை. கோடிப்பக்கம் போய், கிணற்றடியிலிருந்து குளிக்கிற தண்ணீர் வாய்க்கால் வழியாக அந்த மூலையில் நின்ற வாழைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “தம்பி, சுவரில என்ன பிழை? நீர் அந்த ஒரு மூலைக்கு வருசம் முழுக்கத் தண்ணி வார்க்கிறீர். மற்ற மூண்டு மூலையும் காயுது. வீடு என்ன செய்யும்?”

வாய்க்காலைத் தூர்த்தேன். குழாய் போட்டுத் தண்ணீரை இருபது அடிக்கு அப்பால் கொண்டுபோனேன், வாழையும் அங்கே குடிபெயர்ந்தது. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வைத்தேன். இரண்டு மாரி போனது, கோட்டைத் தாண்டவில்லை. அதன் பிறகுதான் அடைத்தேன். அதற்குப் பிறகு அது திறக்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். காசு குறைந்ததை முதலில் சொல்கிறேன்.

முதல் வேலை, பீலி. கூரைத் தண்ணீரைப் பிடித்துக் குழாயில் இறக்கி, சுவரை விட்டுக் குறைந்தது பத்தடி தள்ளி விடுங்கள். தொட்டியில் பிடித்துக் கோடைக்கு வைத்தால் இன்னும் நல்லது. தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீருக்கும் வழி வைக்க மறக்க வேண்டாம்.

இரண்டாவது, வளவின் சரிவு. சுவரிலிருந்து முதல் பத்தடிக்கு நிலம் ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். நம் வளவுகள் பலவற்றில் இது தலைகீழ். ஆண்டாண்டாகக் கூட்டிக் கூட்டி முற்றம் உயர்ந்து, சுவர் ஓரம் தாழ்ந்துபோய்க் கிடக்கிறது. ஒரு மண்வெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

மூன்றாவது, வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்தில் வெளிச்சரிவோடு கொங்கிறீற் நடைபாதை. இது அழகுக்காக அல்ல. சுவரின் கீழ் மண்ணுக்கு மழையும் வெயிலும் நேரே படாமல் செய்கிற குடை. சுவரும் நடைபாதையும் சேருகிற இடத்தில் தார் ஊற்றி அடையுங்கள், அந்த இடைவெளியால்தான் தண்ணீர் இறங்கும்.

நான்காவது, மரம். வேம்பு நல்ல மரம், ஆனால் கோடையில் அது வேரால் உறிஞ்சுகிற ஈரம் கொஞ்சமல்ல. பெரிய மரத்தை அது வளரக்கூடிய உயரத்தின் அளவுக்காவது சுவரிலிருந்து தள்ளி நடுங்கள். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட மரத்தை அவசரப்பட்டு வெட்டவும் வேண்டாம். வேர் குடித்த தண்ணீர் மண்ணிலேயே தங்கத் தொடங்கினால் அந்தப் பக்கம் பொங்கும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஐந்தாவது ஒன்று. அத்திவாரத்துக்குக் கிடங்கு வெட்டுமுன் இந்தப் போத்தல் சோதனையைச் செய்யுங்கள். மண்ணெண்ணெயில் நிற்கிற அளவைவிடத் தண்ணீரில் பாதிக்கு மேல் கூடியிருந்தால், அதாவது 50 வீதம் தாண்டினால், மேசனோடு மட்டும் பேசி முடிக்க வேண்டாம், பொறியியலாளரிடம் போங்கள். மண்ணைச் சரியாகப் பரிசோதிக்கத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பொதுவாகச் செய்கிறது, களியைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிரவல் போட்டு இடித்து இறுக்குவது, அத்திவாரத்தின் மேல் கம்பி கட்டிய வளையத்தை வீடு முழுவதும் ஓட விடுவது. இந்தியாவில் ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்று ஒரு வழி கண்டது. ஆழத்தில் ஈரம் மாறாத மண் வரைக்கும் துளையிட்டு, துளையின் அடியை யானைக்கால் போல அகலமாக்கி, அதில் கொங்கிறீற் தூண் வார்ப்பது. மேல்மண் எவ்வளவு மூச்சு விட்டாலும் தூண் அடியில் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இனி ஓதத்துக்கு வருகிறேன். இது வேறு வியாதி. விளக்குத் திரியில் எண்ணெய் எப்படி மேலே ஏறுகிறது? அதே வழியில்தான் நிலத்து ஈரம் கல்லிலும் சாந்திலும் இருக்கிற மயிரிழைத் துளைகளால் ஏறுகிறது. மன்னார்த் தீவில், பேசாலைப் பக்கம், மண் மணல்தான், பொங்காது. ஆனால் நிலத்தடியில் உப்புத் தண்ணீர் கிட்டத்திலேயே இருக்கிறது. ஈரம் சுவரில் ஏறிக் காற்றில் காய்கிறது, உப்பு உள்ளே தங்குகிறது. பளிங்காக உறைகிற உப்பு பிளாஸ்ரரைப் பின்னாலிருந்து தள்ளும். வெள்ளையாய்ப் பூக்கும், பிறகு பொருக்காய் உதிரும். முருங்கனில் உப்பு குறைவு, ஆனால் களி ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்து அத்திவாரத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து கட்டும்போதே வைக்க வேண்டும். நிலமட்டத்திலிருந்து ஆறு அங்குலமாவது மேலே, அத்திவாரம் முடிந்து சுவர் தொடங்குகிற இடத்தில், செறிவான சீமெந்துச் சாந்து ஓர் அங்குலம். அதன் மேல் காய்ச்சிய தார் இரண்டு பூச்சு. அதன் மேல் மணல் தூவிக் கல் வைக்க வேண்டும். இதை டிபிசி என்று மேசன்மார் சொல்வார்கள். தரைக்குக் கீழே மண்ணை நேரே தொடாமல் பருமணல் அல்லது சல்லி நான்கு அங்குலம், அதன் மேல் 1000 கேஜ் பொலித்தீன், பிறகு கொங்கிறீற். பருமணலில் துளை பெரிது, ஈரத்தால் ஏற முடியாது. நெல் மூட்டையைத் தரையில் வைத்து, தைக்குள் தூக்கிப் பார்த்தால் அடிச்சாக்கு கறுத்து, பூஞ்சணம் மணக்குமே, அந்த வீட்டில் பொலித்தீன் இல்லை என்று பார்க்காமலே சொல்லலாம். அந்தப் பூஞ்சணம்தான் இழுப்புள்ள பிள்ளையின் நெஞ்சுக்கும் போகிறது. பலகை போட்டு மூட்டையைத் தூக்கி வைப்போம், பிள்ளையைத் தரையில் பாய் போட்டுக் கிடத்துவோம்!

சிலர் நல்ல டிபிசி வைத்துவிட்டு, பின்னால் சுவரோடு பூப்பாத்தி கட்டி அதற்கு மேலே மண்ணைக் குவிக்கிறார்கள். ஈரத்துக்குப் பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி. இன்னும் சிலர் ஓதம் கண்ட சுவருக்குச் சீமெந்தைத் தடிப்பாகப் பூசி மூடுகிறார்கள். மூடினால் ஈரம் போகாது, வெளியே வர இடம் தேடி இன்னும் இரண்டடி மேலே ஏறும். ஈரம் கண்ட பழைய சுவருக்கு மூச்சு விடுகிற சுண்ணாம்புப் பூச்சுத்தான் நல்லது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பொலித்தீன் எடுத்து, நான்கு பக்கமும் நாடா ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் துளி கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் துளி கட்டினால் அது வீட்டுக் காற்றின் ஈரம், யன்னலைத் திறந்தால் போதும்.

சற்று முன் சுண்ணாம்புப் பூச்சு என்றேனே, அதோடு கடற்கரையில் இருக்கிற அரிப்பு என்ற ஊர் நினைவுக்கு வருகிறது. முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் அங்கே மாளிகை கட்டினார். செங்கல், அதன் மேல் சிப்பி சுட்ட சுண்ணாம்பு. இருநூறு ஆண்டு உப்புக் காற்றைத் தாங்கிய பூச்சு இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் மாளிகை இடிந்து கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சுவர் இற்றுப்போய் விழவில்லை, கீழே நின்ற கரையை அலை தின்றுவிட்டது. ஓதம் என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே இடத்தில் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால், அருவி ஆறு கடலில் விழுகிற அந்தப் பக்கம் ஒருநாள் போய்வாருங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த தண்ணீரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியொரு வெள்ளத்தைப் பீலியும் சரிவும் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது குளத்தோடும் ஆற்றோடும் பேச வேண்டிய கதை. நான் பேசுவது வெள்ளம் இல்லாத ஆண்டுகளில், சத்தமில்லாமல், ஒவ்வொரு கூரையிலிருந்தும் விழுகிற அந்த ஒரு பவுசரைப் பற்றி.

வெடிப்புக் கண்டவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் அகன்றால், அல்லது கதவு நிலை இழுத்து மூட முடியாமல் போனால், வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதற்குக் குறைவானதை உடனே அடைக்க வேண்டாம். முதலில் தண்ணீரைத் திருப்புங்கள், நுனியில் திகதி எழுதுங்கள், ஒரு மாரியும் ஒரு கோடையும் போகட்டும்.

மாரி தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தண்ணீர்ப் போத்தலில் இருக்கிற களியை இந்தச் சிரட்டையில் கொட்டி, மண்டப யன்னலில் வெயில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். நாலைந்து நாளில் காய்ந்து, சிரட்டையின் ஓரத்தை விட்டு விலகி, நடுவே வெடிக்கும். இந்த வழியால் போகிறபோது எட்டிப் பாருங்கள். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய், கூரைத் தண்ணீர் சொட்டி நிலத்தில் குழி விழுந்திருக்கிற கோடு சுவரிலிருந்து எத்தனை அடி என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.